போகட்டும் என்பதற்கு ஒரு நிறம்

முதல் ஆப் மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது கேட்டது.
இரண்டாவது,
துணி துவைத்தாயிற்று என்று டிக் அடித்ததற்கு
வண்ணக் காகிதம் தூவியது.
தெரியாத கல்யாணத்தில் நுழைந்துவிட்டவன் மாதிரி
ஈரக் கையோடு நின்றேன்.
மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது, குர்லா வரைக்கும்.
சுன்னாபட்டியில் வட்டம் வட்டமாகச் சுற்றி
வடாலாவில் என்னையே யாரென்று கேட்டது.

எதிர் நாற்காலி ஷிரோட்கர் சொன்னான்:
வெறும் டெக்ஸ்ட் ஃபைல் போதும்.
ஒரு கோடு, ஒரு வரி.
அதைச் சேர்ந்தது என்றால் கீழே கொஞ்சம் தள்ளி எழுது.

எனக்கென்ன அது புதிதா.
கப்பல்
  கப்பலுக்குள் கண்டெய்னர்
    கண்டெய்னருக்குள் மரப்பெட்டி
      மரப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி
        காகிதம் சுற்றிய பீங்கான் கைப்பிடி, எண்ணூறு.
பதினோரு வருஷமாக
நவசேவாவில் இறங்குவதையெல்லாம்
மஸ்ஜித் பந்தர் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து
இப்படித்தான் தள்ளித் தள்ளி எழுதுகிறேன்.

எழுத்துரு பொறுக்க மட்டும் மூன்று ஞாயிறு.
சம அகல எழுத்துருவில்
இங்கிலீஷ்காரர்கள் ஆளுக்கொரு சீட்டில் ஒழுங்காக உட்காருகிறார்கள்.
நம் 'கொ' ஏறினால்
கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்,
பையும் குடையுமாக மூன்று பேர் இடம் கேட்கிறது.
அழிக்கத் தட்டினால் முழுசாகவும் போகாது.
வெறும் 'க' நிற்கும்,
சட்டை கழற்றின ஆள் போல.
இதை நான் திருத்திக்கொண்டிருந்தது
ஹார்பர் லைன் நாலாவது சீட்டில்:
இடது தொடை ரயிலில்
வலது தொடை காற்றில்.

அது தந்தது இரண்டே நிலை.
செய்யவேண்டியது, செய்தது.
இரண்டை வைத்துக்கொண்டு எந்தத் தமிழன் காலம் தள்ளுவான்?
'செய்யணும்' சேர்த்தேன்.
'சொல்லியாச்சு', இனி அவர்கள் பாடு.
'பார்க்கலாம்', மாட்டேன் என்பதை மரியாதையாக வைக்க.
'ஆச்சு'.
அப்புறம் பல நாள் கழித்து ஒன்று,
'போகட்டும்'.

அதற்கு நிறம் அமையவில்லை.
சிவப்பு திட்டியது.
சாம்பல், செத்த வீடு.
மே கடைசியில், காட்டன் கிரீன் தாண்டி
குடிசைக் கூரைகளில் புதுத் தார்ப்பாய் விரித்துக்
கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
அந்த நீலம்.
அதை ஆறு எழுத்து எண்ணாக மாற்ற
ஓர் இரவு போனது.
செம்பூர் அறையில் ஃபேன் சத்தம்,
பக்கத்துக் கட்டிலில் மெல்வின் புரண்டு படுத்தான்.

நிறம் செய்தால் யாருக்காவது பூசிப் பார்க்க வேண்டுமே.

'இந்த வருஷம்' என்ற தலைப்பின் கீழ்
மூன்று வருஷமாக
கஸ்டம்ஸ் தரகர் பரீட்சை இருந்தது.
அதன் கீழே பாடத்திட்டம், பழைய கேள்வித்தாள்,
இன்னும் தள்ளி
ராத்திரி பத்திலிருந்து பதினொன்று என்று நானே எழுதிய பொய்.
இரண்டு விசை.
நீலமாயிற்று.
மடித்தேன். ஓரத்தில் சின்னதாக ஒன்பது என்று காட்டியது,
உள்ளே எத்தனை வரி என்பதற்கு.
பிறகு அந்த ஒன்பதையும் பார்க்கப் பிடிக்காமல்
அழித்தேன்.

காலையில் சிவ்ரியில் திறந்தால்
ஒரு வரி மட்டும் தப்பியிருக்கிறது.
எப்போதோ தப்பான இடத்தில் தள்ளியிருப்பேன்.
இப்போது மேலே யாரும் இல்லாமல்
இடது ஓரத்தை ஒட்டி நிற்கிறது:

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எட்டு காப்பி. வெள்ளைப் பின்னணி.

எதற்கு என்று இனி எதுவும் சொல்லாது.
டாக்யார்ட் ரோடு போனது.
மஸ்ஜித்துக்கு வாசலருகே நெருக்குகிறார்கள்.
நிலை எதுவும் போடாமல்
'செய்யணும்' கூட இல்லாமல்
அப்படியே விட்டு இறங்கினேன்.
பாலத்தடியில் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது,
ஒன்பதரைக்குத்தான் திறப்பான்.