யமுனை நுரை, 640

சேர்க்கைக் கையேட்டுக்கு
நூற்றைம்பது சொல்லில் அறிமுகம் கேட்டார்கள்.
ஏழாம் ஆண்டு ஆய்வு மாணவி, அனுபவசாலியாம்.

பரப்பளவை எழுதவில்லை.
கிழக்கு வாசலிலிருந்து என் ஆய்வகத்துக்கு
பேட்டரி ரிக்‌ஷாவில் இருபது ரூபாய்.
டிசம்பர் மூடுபனியில் ஓட்டுநர் ஜக்பால்
விசிலடித்துக்கொண்டே போவார்,
மயில்கள் ஒதுங்கட்டும் என்று.

துறைகள் எத்தனை?
எண்ணி முடிப்பதற்குள் ஒன்று இரண்டாகிவிடும்.
பிரிந்தவர்கள் தேநீர்க்கடையில்
ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முறைத்துக்கொள்வார்கள்.

உதவித்தொகை மூன்று மாதம் தாமதம்
(இதை வெட்டிவிடுவார்கள், தெரியும்).
அதுவரை கடன் கொடுப்பது
ஜெராக்ஸ் கடை நந்தலால்.
எங்கள் பெயர்கள் அவர் வாயில் நுழையாது.
நோட்டில் ஆய்வுத் தலைப்பைக் குறித்துக்கொள்வார்.
நான் அங்கே ‘யமுனை நுரை, 640’.

நுரையைத்தான் ஏழு வருடமாக
காளிந்தி குஞ்ச் படித்துறையில் இறங்கி
குடுவையில் அள்ளி வருகிறேன்.
விழுப்புரத்திலிருந்து அக்கா கேட்டாள்,
சோப்பு நுரைக்கா டாக்டர் பட்டம்?

போன செவ்வாய், இரவு இரண்டு மணி.
போன மின்சாரம் வந்து கருவி சூடேறியதும்
வரைபடத்தில் இருக்கக் கூடாத ஒரு முகடு.
குடுவையைக் கழுவி, மறுபடி ஓட்டினேன்.
இருந்தது.
சொல்ல ஆளில்லை.
காவலாளி ஹோஷியார் சிங்கை எழுப்பிக் காட்டினேன்.
மஃப்ளரை விலக்கி நெடுநேரம் பார்த்தவர்
நல்லதா கெட்டதா என்றார்.
தெரியவில்லை என்றேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்,
இன்னொரு தடவை ஓட்டச் சொல்லி.

சொற்கள் தீர்ந்துவிட்டன.
வாருங்கள்.
கம்பளி இரண்டாகக் கொண்டுவாருங்கள்.