காதும் காதும் வைத்தாற்போல்

இரவு இரண்டேகால் மணிக்கு எழுந்து போய்
குளிர்பெட்டியின் வயரைப் பிடுங்கினான் தைவோ.
திரும்பி வந்து படுத்தான்.
"அது இல்லை" என்றான்.

நேற்றுச் சுவர்க்கடிகாரம்.
முந்தாநாள் மேல்வீட்டு வெந்நீர்க் குழாய்.
சத்தம் போடக்கூடியவை எல்லாம்
ஒவ்வொன்றாகக் குற்றமற்றவை ஆகிவிட்டன.
மிச்சமிருந்தது அவன் தலை.

எப்படிக் கேட்கிறது?
"ஆவி கசிகிற வால்வு மாதிரி."
தாலினுக்கும் ஹெல்சிங்கிக்கும் நடுவில்
இருபத்தாறு வருடம் கப்பலின் அடிவயிற்றில்
இயந்திரங்களோடு கத்திப் பேசியவன்
வேறெதைச் சொல்வான்.

குடும்ப மருத்துவர் லெப்பிக் திங்கள்தான் வருவார்.
யாருக்குக் கடிதம் வேண்டும் என்று
யோசித்துவிட்டு வாருங்கள் என்றாள் செவிலி,
ஏதோ உணவகத்தில் கேட்பதுபோல.

மின்கட்டண உறையைத் திருப்பிப் போட்டு
பேனாவை எடுத்தேன்.

முதலில் பல் மருத்துவர் என்றான்.
கூட வேலை பார்க்கும் காலேவ்
தூக்கத்தில் பல்லைக் கடிப்பானாம்,
தாடைக்கு ஒரு உறை மாட்டியதும் இரைச்சல் நின்றதாம்.
"கடி பார்ப்போம்" என்றேன்.
கடித்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.
"கொஞ்சம் மாறுகிறது."
அவன் பொய் சொல்லும்போது
இடது புருவம் மட்டும் ஏறும்.

அப்படியானால் இதயம் என்றான்.
மணிக்கட்டைப் பிடித்தேன்,
சத்தம் வரும்போதெல்லாம் கரண்டியால் தட்டச் சொன்னேன்.
கரண்டி அந்தரத்திலேயே நின்றது.
தாளம் ஏதும் இல்லை அதற்கு,
நீளமாக ஒரே கோடு.

நரம்பு. கழுத்தெலும்பு. ரத்தத்தில் இரும்பு.
மனநல மருத்துவர் என்றுகூடச் சொன்னான்,
பல்வலிக்கே வாய் திறக்காத மனிதன்.
உறையில் இடமில்லாமல் ஓரத்தில் எழுதினேன்.
எங்கள் ஊர் மருத்துவமனைப் பலகையில்
மூக்கு, காது, தொண்டை என்று
காது நடுவில் இருக்கும்.
அதைத் தாண்டித் தாண்டிப் போனான்,
தண்டவாளத்தில் குளிர்காலக் குட்டையைத் தாண்டுவதுபோல.

அப்போது பார்னுவிலிருந்து அவன் தம்பியின் அழைப்பு.
வலது கையால் எடுத்தான்.
மேசையில் தேநீர், ரொட்டி, என் கண்ணாடி
எல்லாவற்றுக்கும் மேலாக
முகத்தைச் சுற்றிக் கொண்டுபோய்
இடது காதில் வைத்தான்.

எத்தனை நாளாக?
எனக்குத் தெரியவில்லை.
தெரியாதது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.
அவன் பேசிக்கொண்டிருக்கையில்
வலப்பக்கம் போய் நின்று, மெல்ல,
"ரொட்டி தீய்கிறது" என்றேன்.
அவன் தம்பியிடம் ஐஸ் மீன்பிடியைப் பற்றி
பேசிக்கொண்டே இருந்தான்.

அலமாரியின் இரண்டாவது இழுப்பறையில்
மாலுமியின் உடல்தகுதிச் சான்றிதழ்.
ஏப்ரல் பதினொன்றோடு முடிகிறது.
காது மருத்துவர் என்றால்
கண்ணாடி அறை, காதொலிப்பான்,
கேட்டால் அழுத்த ஒரு பொத்தான்,
கடைசியில் காகிதத்தில் ஒரு கோடு.
கோடு வலப்பக்கம் சரிந்தால்
அவன் கரையில் இறங்கிவிட வேண்டும்.
இதைக் காதும் காதும் வைத்தாற்போல்
எத்தனை மாதம் சுமந்திருக்கிறான்,
ஒரு காதை மட்டும் வைத்துக்கொண்டு.

தொலைபேசியை வைத்ததும்
அவன் வலது காதில் என் காதை வைத்து அழுத்தினேன்.
எனக்கு என் ரத்தம்தான் கேட்டது.
"கேட்கிறதா?" என்றான்,
கேட்டுவிட்டால் தேவலை என்பதுபோல.
இல்லை என்றேன்.

உறையின் பட்டியலுக்கு மேலே,
தபால்தலை ஒட்டும் மூலையில்,
"காது" என்று எழுதி
பக்கத்தில் ஒன்று போட்டேன்.
அவன் பேனாவைப் பிடுங்கவில்லை.
பல் மருத்துவரை இரண்டாவதாக வைத்துக்கொள் என்றான்,
அது காலேவுக்காக.

அன்றிரவு படுக்கையில் இடம் மாறிப் படுத்தோம்.
அவனுடைய இடதுபக்கம் எனக்குப் புதிது,
சுவர் இல்லாத பக்கம்.
தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.
எழுந்து போய்
குளிர்பெட்டியின் வயரைச் சொருகினான்.
அது உறும ஆரம்பித்தது.
"இது இருக்கட்டும்" என்றான்.