நின்ற நேரம்

பொகவந்தலாவை பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து
இருநூற்றுப் பத்துப் படி.
லயத்தின் கடைசிக் காம்பராதான் அருங்காட்சியகம்.
ஐந்தில் ஆட்கள் இருக்கிறார்கள்,
ஆறாவதில் வரலாறு.

பல்கலைக்கழகப் படிவம் என் மடியில்:
எந்தப் பொருளின் முன்
எவர், எத்தனை விநாடி நிற்கிறார்.
மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்.
பேசாதே, பார், குறி.

சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் மூன்று விசில்.
'ஒலிச் சூழல்: இயல்பானதா, அமைக்கப்பட்டதா?'
என்றொரு கேள்வி இருக்கிறது.
இரண்டையும் வெறுமையாக விட்டேன்.

கண்ணாடிக்குள் ஒரு படங்கு,
இடுப்பில் கட்டிக் கட்டி ஓரம் கறுத்தது.
அட்டையில் சிங்களமும் ஆங்கிலமும் முழுதாக வந்திருக்க
தமிழ் மட்டும்
'தொழிலாளரால் பயன்படுத்தப்' என்பதோடு நின்றுவிட்டது.
இடம் போதவில்லையாம்.
பட்டதா, படுகிறதா,
வாசிப்பவர் முடித்துக்கொள்ளலாம்.
வெளியே கொடியில் இன்னொரு படங்கு
சொட்டிக்கொண்டிருந்தது.

யோகராணி பொறுப்பாளர்.
காலையில் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டுவார்,
இரண்டு மணிக்குமேல் இங்கே பூட்டைத் திறப்பார்.
பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்:
பொருள் 23, அம்மி. கொடுத்தவர் பெயர் தெரியாது.
கீழே பென்சிலில்,
'நாலாம் காம்பரா சடங்குக்கு எடுத்துப்போனது.
வியாழன் வரும்.'

அம்மி இருந்த தரை சதுரமாக வெளுத்திருந்தது.
மலையேற வந்த வெள்ளைக்கார ஜோடி ஒன்று
அந்த வெளுப்பின் முன்
நாற்பது விநாடி தலைகுனிந்து நின்றது.
குறித்தேன்.
பெரட்டுத் தப்புக்கு ஆறு விநாடி.
கங்காணியின் கோட்டுக்கு இரண்டு நிமிடம்;
பள்ளிக்கூடப் பையன்கள், செல்பி.

நாலரைக்கு மழை பிடித்தது.
கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒருத்தி
ஒதுங்க உள்ளே வந்தாள்.
பாக்கியரெத்தினம், பெயர் பிறகுதான் கேட்டேன்.
படங்கு, தப்பு, கோட்டு எதையும் பார்க்கவில்லை,
நேரே தராசுக்குப் போனாள்.

தொங்கு தராசு. பித்தளை முகம். வெறுங்கொக்கி.
முள் பூச்சியத்துக்கு இரண்டு கோடு பின்னால் கிடந்தது.
துரு என்று எழுதி வைத்திருந்தேன்,
'பராமரிப்புக் குறைபாடு' என்ற தலைப்பின் கீழ்.

ஒரு நிமிடம்.
நாலு நிமிடம்.
தொடாதீர் என்பதைத் தொட்டு,
கொக்கியை ஒரு விரலால் இழுத்து, விட்டாள்.
முள் ஓடிப்போய்த் திரும்பி
அதே இரண்டு கோட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டது.

"பழசாகி இல்ல," என்றாள், யாரிடமோ.
"வேல செஞ்ச காலத்துலயும் அங்கனதான் நிக்கும்."

திரும்பினாள்.
என் கையில் பலகை, பேனா, கட்டம் போட்ட தாள்.
அவள் தோள் தானாக ஒருமுறை
இல்லாத பாரத்தைச் சரிசெய்தது.

"கணக்கப்புள்ளம்மா,
எனக்கு இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"

சிரித்தாளா, தெரியவில்லை.
வாய் நிறைய வெற்றிலை.

பேசாதே என்பதை மறந்து
கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.
இவ்விடத்தை மேம்படுத்த என்ன செய்யலாம்?
"கூரத் தகரம் மாத்தணும்."
அண்ணாந்து பார்த்தேன். புதுத் தகரம், நீல நிறம்,
நன்கொடையாளர் பெயர்கூடத் தெரிந்தது.
"இங்க மாத்தியாச்சுதானே.
அங்கிட்டு அஞ்சு காம்பராவுக்கும் சொல்றேன்."

பதினொரு நிமிடம் இருபது விநாடி.
படிவத்தின் கட்டங்கள் ஐந்து நிமிடத்தோடு முடிகின்றன.

மழை விட்டதும் யோகராணி
பிஸ்கட் பெட்டி அட்டையொன்றைக் கிழித்து
என் பேனாவை வாங்கி எழுதினார்:
'தராசு. முள் பின்னால் நிற்பது பழுதல்ல.'
ஆய்வுப்பொருளை ஆய்வாளர் மாற்றலாகாது.
பேனா என்னுடையது, ஆகவே
அதையும் குறிக்கவேண்டியிருந்தது.

வியாழன் இரவு போன் எடுத்தேன்.
அம்மி இன்னும் வரவில்லை.
ஐந்தாம் காம்பராவில் இருக்கிறதாம்,
ஒரு சுவர் தள்ளி.
அரைக்கும் சத்தம் போனிலேயே கேட்டது.