இரண்டாவது போன்

செவ்வாய்தோறும் ஏழு மணிக்கு
பிரேமன் நகரில், சைக்கிள் கடையின் பின்னறையில் கூடுவோம்.
நுழையும்போதே எங்கள் போன்களை வாங்கிப்
பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவாள் ஃபிரௌகெ.
தகரத்துக்குள் அலை புகாதாம்.
டெட்லெஃப் ஒருமுறை சோதித்துப் பார்த்தான்:
உள்ளேயிருந்து மணி அடித்தது.
அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் கடவுச்சொற்கள் நாற்பது எழுத்து நீளம்.
மின்னஞ்சல் சொந்த சர்வரில்;
அது ஹென்னிங் வீட்டுச் சலவை இயந்திரத்தின் மேல் இருக்கிறது,
துணி பிழியும்போது மட்டும் அஞ்சல் வராது.
லேப்டாப்பின் கண்ணுக்குத்
திருஷ்டிப் பொட்டுபோல் கறுப்பாய் ஒன்று ஒட்டத்
தெருவுக்கே சொல்லிக்கொடுத்தோம்.
ரொட்டிக்கடையில் சில்லறை எண்ணுவோம்,
எங்களுக்குப் பின்னால் வரிசை பெருமூச்சு விடும்.

பிப்ரவரியில்
ஒக்காவின் மகனுக்கு மழலையர் பள்ளியில் காய்ச்சல்.
எல்லாப் பெற்றோரும் இருக்கும் குழுவில் செய்தி போட்டார்கள்.
அந்தக் குழுவில் ஒக்கா இல்லை. கொள்கை.
பள்ளியிடம் இருந்த எண்ணும் பழையது,
வருடத்துக்கொரு எண் அவளுக்கு.
நான்கு மணிக்கு வழக்கம்போல் போய் நின்றாள்.
கோட்டும் தொப்பியும் போட்டபடி
இரண்டு மணி நேரமாய்
பெஞ்சில் சுருண்டு கிடந்தான் யோரிஸ்.
"யாரும் என்னைத் திட்டவில்லை" என்றாள் எங்களிடம்.
"திட்டியிருக்கலாம்."

அடுத்த வாரம் டப்பா சுற்றி வந்தபோது
பையிலிருந்து இரண்டு போன் எடுத்தாள்.
ஒன்றை உள்ளே போட்டாள்.
மற்றதை மேசைமேல் வைத்தாள்,
முகம் மேலே பார்க்க.

ஃபிரௌகெ மூடியை அழுத்தினாள். மூடி சரியாக உட்காரவில்லை.
ஹென்னிங் இருமினான்,
காலுறைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தான்:
"டிராம் டிக்கெட்டுக்கு மட்டும்."
டெட்லெஃபுடையது சதுரங்கம் ஆட.
யாரோ சிரித்தார்கள், பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.
எல்லோரும் ஃபிரௌகெயைப் பார்த்தோம்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
"எனக்கு வழி தெரியாது" என்றாள் கடைசியில்,
"எந்த ஊரிலும். சின்ன வயதிலிருந்தே."

நான் எதையும் எடுத்து வைக்கவில்லை.
என்னுடையது வாசலில், ஆணியில் தொங்கும் கோட்டுக்குள்,
என் காலடிகளை எண்ணக் காத்திருந்தது.

பிறகு அன்றைய பாடம்: சாவிகளைப் புதுப்பித்தல்.
அதை ஒரு படி குறையாமல் செய்தோம்,
நாற்பது எழுத்தையும் தட்டி,
ஒருவர் விரலை ஒருவர் பார்க்காமல்
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நடுவில் ஒருமுறை ஒக்காவின் திரை ஒளிர்ந்தது.
நாளை எல்லாக் குழந்தைகளும்
மழைப் பூட்ஸ் கொண்டுவர வேண்டுமாம்.