முப்பத்தெட்டாவது படம்

சுக்தீதியைத் தாண்டியதும் மழை விட்டது.
டெலிக்கா வேனின் பின்கதவு சரியாக மூடாது,
கயிறு போட்டுக் கட்டியிருந்தான் ஸூராப்.
அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்வது தன் வேலையென்று
யாரும் சொல்லாமலே ஏற்றுக்கொண்டான் தாச்சி.

முன்னிருக்கையில் அண்ணன் வாஜா.
ஐந்து மாத மருத்துவமனைக்குப் பிறகு
முடி இப்போதுதான் முளைக்கிறது,
அறுத்த வயலில் ஒரு மழைக்குப் புல் எட்டிப்பார்க்குமே, அப்படி.
"எடுப்பதென்றால் தொப்பியோடு எடு" என்றான்.
செல்போன்களையெல்லாம் ஒரு பையில் போட்டு
இருக்கைக்கு அடியில் தள்ளியிருந்தான்.
ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதில்தான் வந்தன.

கல்யாணங்களுக்கு என்னிடம் டிஜிட்டல் கேமரா உண்டு.
அது கூலிக்கு.
என் ஆட்களுக்கு மட்டும் இந்தப் பழைய ஃபிலிம் பெட்டி.
ஒரு சுருள், முப்பத்தாறு படம்,
மாதக் கடைசிச் சர்க்கரையைப் போல் எண்ணிச் செலவழிப்பேன்.

எங்குரி அணையில் நிறுத்தினோம்.
"இந்தத் தண்ணியைக் குடித்தால் நாக்கு பச்சையாகுமா?"
தாச்சி கேட்டான், மானானா சிரித்தாள்.
ஜனவரிக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது அன்றுதான்.
சொடுக்கினேன்.
காற்று வந்தது. தொப்பியைப் பிடிக்கப் போய்
வாஜா தவறவிட்டான். அது
அவசரமே இல்லாமல்
இவ்வளவு ஆழத்துக்கு இறங்கிப் போனது.
தலையைத் தடவியபடி நின்றான்.
சொடுக்கினேன்.

மெஸ்தியாவில் இறைச்சி வைத்த ரொட்டி,
முழங்கைவரை வழியும் எண்ணெய்.
பாதி வழியில் ஒரு பன்றி, தன் குட்டிகளோடு,
சாலை தன் பேரில் பதிவானதைப் போல் படுத்திருந்தது.
ஸூராப் இறங்கிப் போய் மரியாதையாகப் பேசிப்பார்த்தான்.
சொடுக்கினேன், சொடுக்கினேன்,
என் கஞ்சத்தனம் எங்கோ போயிருந்தது.

உஷ்குலியில் கல்கோபுரங்களுக்குப் பின்னால்
மேகம் விலகி ஷ்காரா முழுசாக வந்து நின்றது.
நால்வரும் வேலியில் சாய்ந்தார்கள்.
வாஜா கேட்காமலே தலையை நிமிர்த்தினான்.
முப்பத்தாறு.
நிற்க வேண்டிய நெம்புகோல் நிற்கவில்லை.
முப்பத்தேழு. மெத்தென்று சுழன்றது.
முப்பத்தெட்டு.

அதிகாலை இருட்டில்
ஃபிலிமின் நுனி பல்லில் மாட்டவேயில்லை.
பச்சைத் தண்ணீர், தொப்பி, பன்றி, அந்தச் சிரிப்பு
எல்லாம் வெறும் இருட்டுப் பெட்டிக்குள் போய்
திரும்பி வெளியே வந்துவிட்டிருந்தன.

"எடுத்தாச்சா?" வாஜா அசையாமல் கேட்டான்.
இன்னொரு முறை நில் என்று சொல்லலாம்.
நிற்பான். ஆனால் அது நிற்பதாக இருக்கும்.
"எடுத்தாச்சு" என்றேன்.

வேனுக்குப் பின்னால் போய், தனியாக,
சுருளைச் சரியாக மாட்டினேன்.
கை நடுங்கியது. முப்பத்தாறும் கையில்,
எடுக்கத்தான் எதுவும் தோன்றவில்லை.

இரவு, எங்கோ ஒரு பெட்ரோல் நிலையம்.
ஸூராப் கடுங்காப்பி வாங்கப் போயிருந்தான்.
மஞ்சள் குழல்விளக்கின் வெளிச்சத்தில்
வாஜா வாய் திறந்து தூங்கினான்,
அவன் தோளில் மானானா,
அவள் மடியில் ஊறுகாய் ஜாடி.
தாச்சி தூக்கத்திலும் கயிற்றை விடவில்லை.
ஒன்றே ஒன்று எடுத்தேன். அதுவும் ஆடிவிட்டது.

அக்டோபர். திபிலிசி. மேசையில் பனிச்சம் பழங்கள்.
லேபில் கூட்டம் என்று மூன்று மாதமாகச் சொல்லிவருகிறேன்.
வாஜா சீப்பை எடுத்து, தேவையில்லாமல்,
தலையை வாரிக்கொண்டே கேட்கிறான்:
"அணையில் எடுத்தாயே, தொப்பி போன படம்,
அதில் என் கண் மூடியிருந்ததா?"
நான் வாயைத் திறப்பதற்குள்
தோலுரிப்பதிலிருந்து தலை நிமிராமல் மானானா சொல்கிறாள்:
"இல்லை. நன்றாகத் திறந்திருந்தது."