வங்கியின் மேல் பட்ட கற்கள்

கடைசித் தவணை கட்டிய மறுவாரம்
கடிதம் வந்தது,
இனி வண்டி உங்களுடையது என்று.
ஒன்பது வருடம், நூற்றெட்டு மாதம்.
எண்ணிக்கை மட்டும் கோயில் சுற்று மாதிரி.

அதுவரை
பாலத்தில் கருங்கல் லோரிக்குப் பின்னால் போகையில்
டிக் என்று எது தெறித்தாலும்
வங்கியின் மேல்தான் பட்டது என்று
வானொலியைக் கொஞ்சம் கூட்டிவைப்பேன்.

ஞாயிறு காலை
பிறை ஃப்ளாட்டின் கார் நிறுத்தத்தில்
பானட்டுக்கு முன் பிளாஸ்டிக் முக்காலி போட்டு
எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
விளக்கருகே இருப்பது காயமா, காய்ந்த பூச்சியா என்று
நகத்தால் சுரண்டிப் பார்த்து
நாற்பது.

என் வேலையே இதுதான்.
பாயான் லெப்பாஸில் லென்ஸுக்கு அடியில்
பலகை பலகையாக ஈயப்புள்ளி பார்ப்பது.
மயிரிழை விலகினாலும் சிவப்பு ஸ்டிக்கர்.
அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான்
இந்த முகத்தை ஓட்டிக்கொண்டு
தினமும் வேலைக்குப் போய்வந்திருக்கிறேன்.

கதவிடுக்கில் ஒட்டிய சீட்டில் நிறத்தின் எண்.
படமெடுத்துக் காட்டினேன்.
சுங்கை டுவா ஹார்ட்வேர் கடைத் தவுக்கே
நகப்பூச்சுப் புட்டி அளவில் ஒரு நீலம் தந்து
சொட்டு வை, பூசாதே என்றார்.

கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து,
துருவேறிய ஏழு குழிகளை மட்டும்
பல்குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் சுரண்டினேன்.
பழுப்புத் தூளை ஊதியதும்
அடியில் இரும்பு பளிச்சென்றது.

முதல் சொட்டு கூடிப்போயிற்று.
குழி இருந்த இடத்தில்
மூக்குத்தி மாதிரி எழுந்து நின்றது.
தின்னரில் நனைத்துத் துடைத்தேன்.
வைத்ததும் போய், பக்கத்தில் இருந்ததும் கொஞ்சம் போய்,
மறுபடி நாற்பத்தொன்று.

அடுத்ததில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
குச்சி நுனியால் நடுவில் தொட்டால் போதும்,
நீலம் தானாக விளிம்பு தேடிப் போகிறது.
அரைமணி விட்டு இன்னொரு தொடல்.
அரைமணி விட்டு இன்னொன்று.
நடுவில் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தேன்.
மூன்றாம் மாடியில் போர்வை உதற வந்த கக் ரொஸ்னா
என் உச்சந்தலையைப் பார்த்துவிட்டு
உதறாமலே உள்ளே போனாள்.

தேவேந்திரன் பனியனோடு இறங்கி வந்தார்.
இரண்டடி தள்ளி நின்றார்.
பிறகு நாலடி தள்ளி நின்றார்.
"புள்ளி புள்ளியாத் தெரியுதே."

தெரிந்தது.
எண்ணில் தப்பில்லை.
வண்டி பிறந்த அன்றைக்குப் பூசிய அதே நீலம்.
வண்டிதான்
கூரையில்லாமல் நின்று நின்று
வெயில் தின்ற வேறொரு நீலமாகியிருந்தது.
நான் வைத்த ஒவ்வொரு சொட்டும்
ஷோரூமிலிருந்து நேரே வந்த சொந்தக்காரர் மாதிரி
பக்கத்தில் இருப்பதன் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"வேற நீலம் வாங்கிப் பார்ப்போமா?"
"என்ன எண் சொல்லிக் கேக்கறது?"
அவர் தலையைச் சொறிந்தார்.
வெளுத்ததற்கு யாரும் எண் போடவில்லை.

நாலு மணிக்கு மழை வந்தது.
நிஷாலினி இரண்டு குடையோடு ஓடிவந்தாள்,
நான் ஒன்று, அவள் ஒன்று,
பானட்டுக்குக் கல்யாணக் குடை பிடித்தோம்.
அவர் எங்களுக்குப் பிடிக்க
மூன்றாவது குடை தேடிப் போய்
திரும்பி வரவேயில்லை.

முதுகெல்லாம் நனைய நிற்கும்போது பார்த்தேன்.
மழை பட்ட கூரை,
மழை பட்ட கதவு,
எல்லாம் என் புட்டியின் நீலம்.
குடைக்கு அடியில் இருந்தது மட்டும் கிழடு.

"மெருகு போட்டா இந்த கலர் வரும்மா,"
என்றாள் நிஷாலினி,
காலையிலிருந்தே தெரியும் என்கிற குரலில்.
ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
நீங்க கேக்கலையே.

சொட்டு காய ஒரு வாரம், பிறகுதான் மெருகு.
திங்கள் காலை பாலத்தில்
லோரியை முன்னால் விட்டு
வேகத்தைக் குறைத்தேன்.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.
அவனுடையது இன்னும் வங்கியுடையதாக இருக்கும்.

தேநீர் இடைவேளையில் கையுறையைக் கழற்றினால்
கட்டைவிரல் நகத்தில் கழுவியும் போகாத நீலம்.
யாரும் பார்க்காதபோது
லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன்.
ஓரமெல்லாம் பிசிறு.
எங்கள் லைனில் இது ரிஜெக்ட்.