வரத்தும் போக்கும்

வால்திவியாவில் மூன்று நாளாய் மழை.
அதிகாலை மூன்று பத்துக்கு
சக்கர நாற்காலியில் அவளைத் தள்ளி வந்தார்கள்.
சீட்டில் கிறுக்கியிருந்தது:
ஒற்றைத் தலைவலி, தூக்கமின்மை,
சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை,
பிள்ளை பெற்றுப் பதினோரு நாள்.
முதலில் எழுத வேண்டியதைக்
கடைசியில் எழுதியிருந்தார்கள்.

மிலாராய் கத்ரிலேயோ, வயது இருபத்தாறு.
நான் ஒஸ்வால்தோ பர்ரீயா, இரவுப் பணி.
படம் பிடிப்பவன், படிப்பவன் அல்ல;
பதினேழு வருடமாக
எனக்கு நானே சொல்லிக்கொள்வது இது.

தோடுகளைக் கழற்றச் சொன்னேன்.
இடது கை உடனே கழற்றியது.
வலது கை காதைத் தேடிக்கொண்டு
கன்னத்தில் கொஞ்ச நேரம் அலைந்தது.
"படுத்தால் அதிகமாகிறது" என்றாள்.
"இருமினால் மண்டை பிளக்கிறது."
ஒற்றைத் தலைவலிக்காரர்கள்
இருட்டைக் கேட்பார்கள், படுக்கை கேட்பார்கள்.
இவளோ நாற்காலியை விட மறுத்தாள்.

வெளியே லிசாந்த்ரோ,
மீன் சந்தையிலிருந்து நேரே வந்தவன்,
ரப்பர் பூட்ஸில் செதில் மினுங்க
குழந்தையைத் தோளில் போட்டு உலாத்தினான்.

பக்கவாதம் என்றால்
வரத்து நின்றுபோவது என்றே நினைக்கிறோம்,
வாய் கோணுவது, கிழவர்களுக்கு வருவது.
இன்னொன்று உண்டு, அரிதாய்:
வரத்து குறையாது, போக்குதான் இருக்காது.
கய்யே-கய்யே ஆற்றில்
கீழே எங்கோ மரங்கள் சிக்கிக்கொண்டால்
மழையே இல்லாத தெருவில்
தண்ணீர் படியேறுமே, அப்படி.

சிரைகளுக்கான படத்தில்
ஓடும் இரத்தம் வெள்ளையாய் விழும்.
நின்ற இரத்தம் விழாது.
ஆக, நான் உட்கார்ந்து தேடியது
இல்லாத ஒன்றை.

ஒசோர்னோவில் டாக்டர் ஃபுக்ஸ்லோகரை எழுப்பினேன்.
"இடது குறுக்குச் சிரை தெரியவில்லை."
"பிறவியிலேயே சிலருக்கு அது நூலாய் இருக்கும்.
ஏமாந்துவிடாதே."
"உச்சிச் சிரையும் பாதியோடு நிற்கிறது, டாக்டர்."
அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது.
கணினி திறக்கும் சத்தம்.
பிறகு: "மருந்து ஏற்றி இன்னொரு தடவை எடு.
நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

இயந்திரம் தட்டியது, இடித்தது, ஓய்ந்தது.
ஓய்ந்த இடைவெளியில்
கதவைத் தாண்டிக் குழந்தையின் அழுகை.
கண்ணாடிக்கு இப்பாலிருந்து பார்த்தேன்:
அசையக் கூடாது என்று சொல்லியிருந்தேன்,
அவள் அசையவில்லை.
அங்கியின் மார்பில் மட்டும்
இரண்டு ஈர வட்டங்கள் பெரிதாகிக்கொண்டிருந்தன.

திரையில் ஒரு முக்கோணம்.
விளிம்பு ஒளிர்ந்தது, உள்ளே கறுப்பு.
காலி என்றுதான் கண் சொல்லும்.
காலி அல்ல அது;
நுழைய இடமில்லாமல் நிறைந்திருப்பது.

பயிற்சி மருத்துவன் பயந்தான்:
"இடப்பக்கம் ஒரு பொட்டு கசிந்திருக்கிறதே,
இரத்தம் உறையாமலிருக்கவா ஊசி?"
ஒலிபெருக்கியில் டாக்டர் அதட்டவில்லை.
"கசிவே அந்த அடைப்பால்தான், தம்பி.
ஹெப்பாரின். இப்பவே.
நாளைக்கு என்றால் அந்தக் கை போகும்,
அப்புறம் பேச்சு."

பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை.
சீக்கிரம் பார்த்துவிட்டோம் என்று மட்டும் சொன்னார்கள்.
என் அகராதியில் அது பெரிய சொல்,
லிசாந்த்ரோவின் முகத்தில் அது ஒட்டவே இல்லை.

தோடுகளைக் காகித உறையில் போட்டு
அவள் இடது கையில் கொடுத்தேன்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"இந்த மருந்தோடு பால் கொடுக்கலாமா?"

நான் படம் பிடிப்பவன்.
ஓடிப்போய்க் கேட்டு வந்து சொன்னேன்:
கொடுக்கலாம்.

அடுத்த சீட்டு, ஒரு முழங்கால்.
மழை விட்டபாடில்லை.